சக்கரம் வைத்த வீணைப் பெட்டி

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வீணையை நானேதான் கோயிலுக்குத் தூக்கிப் போவேன். ஒருநாள் துணி உறை கிழிந்து, ஆட்டோவில் இடிபட்டு, வீணையின் சுரைக்குடுக்கையில் விரிசல் விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகு, நல்ல பெட்டியாக வாங்கலாம் என்று மகன் என்னையும் வீணையையும் கடைக்கு அழைத்துப் போனான்.

தமிழ் தெரியாத கடைக்காரர் முதலில் சிதார் பெட்டியைக் காட்டினார். வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகம் அதில் அடங்கவில்லை. பிறகு வீணைக்கென்றே செய்த ஃபைபர் பெட்டியைக் கொண்டுவந்து, அதன்மேல் ஏறி நின்று காட்டினார். மகன் அசந்துபோனான். இருவரும் இந்தியில் பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு இந்தி புரியும். அந்நியர் முன்னால் வாய்தான் வராது.

மகன் சட்டையை இழுத்து, "நான் ஒரு தடவை தூக்கிப் பாக்கட்டுமாடா?" என்றேன்.

"எதுக்கும்மா? கீழ சக்கரம் இருக்கே."

"மூணு மாடிப் படியில சக்கரம் உருளுமா?"

"நான் எறக்கித் தரேன்."

"வெள்ளிக்கிழமை நீ ஆபீஸ்லன்னா இருப்பே."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கடைக்காரர் கேட்டார். "குச் நஹி பையா", ஒன்றுமில்லை அண்ணா, என்ற மகன், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று இந்தியில் சொல்லி முடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியையே வாங்கி, பழைய உறையையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியை வாசற்படி வரைக்கும்தான் இழுக்க முடிந்தது. அதற்கே மூச்சு வாங்கியது. வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன்.

"வீணை எங்க மாமி?" என்று கேட்டார்கள்.

"ஆத்துல பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளம் போட உட்கார்ந்தேன்.