கல்லில் முளைத்த பழுப்பு விரல்கள்

சிவகாசியில் என் அச்சகத்து அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் முதலில் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுப்பார். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையின் போர்மேன். வெடிமருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று செம்புத் தகட்டைத் தொட்டுத் தொட்டு வந்த பழக்கம். முகத்தில் புருவங்கள் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று லேபிள் ஆர்டருக்காக வந்திருந்தார். நான் என் கடல்மீன் தொட்டி முன்னால் நின்றிருந்தேன். புதிதாகப் போட்ட கல்லில், மெல்லிய நீண்ட விரல்களோடு, பழுப்பாக ஓர் அனிமோன், பூப்போலத் தெரியும் கடலுயிர், முளைத்திருந்தது. நல்லதா, களையா என்று பார்க்கக் குச்சியால் தொட்டேன். கண்ணிமைக்கும் முன் பொந்துக்குள் சுருங்கிக்கொண்டது. களையேதான், விட்டால் பவளங்களைக் கொட்டியே கொன்றுவிடும். கத்தியால் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தேன். கிறீச்சென்றது.

"மொதலாளி, சுரண்டாதீக!"

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தண்ணிக்குள்ளதான அண்ணாச்சி இருக்கு? பொறி எங்க பறக்கப் போகுது?"

"தண்ணின்னு எனக்குத் தெரியும் மொதலாளி. இந்தக் கைக்குத் தெரியலையே."

அவர் பயம் எனக்கும் தொற்றியது. கத்தியை வைத்துவிட்டேன்.

அறுபட்டால் துணுக்குக்கு ஒன்றாக அது முளைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது கல் முழுக்கப் பழுப்பு விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இம்புட்டும் அந்த ஒரு இழுப்புலயா?"

ஆமாம் என்றேன். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலுக்குப் போய், உள்ளே வந்ததும் தொட்ட அதே கம்பியில் மறுபடியும் கையை வைத்தார்.

இந்த முறை எடுக்கவில்லை.