முதலில் நீண்ட கை

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியான அவளை எல்லோரும் 'நரம்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த தலைமை மருத்துவரும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குழந்தைக்கு, நூல் மாதிரி ஓடும் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் அங்கே ஓர் ஆண் குழந்தை திடீரெனத் துவண்டு, மூச்சுவிட மறந்து மறந்து, இறந்துபோனது. ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று என்று பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் தோலில் தொல்லை தராமல் ஒட்டிக் கிடக்கும் கிருமி அது. குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே உலை வைத்துவிடும். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பக்கத்து இன்குபேட்டரில் இருந்த பெண் குழந்தையும் துவண்டது. அதே பூஞ்சை.

எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பேச்சு மெல்ல, தரை துடைக்கும் பெண்மணி பக்கம் திரும்பியது. மருத்துவர் கூட்டிய கூட்டத்தில் அந்த அம்மா தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்க்க நரம்பக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க குழந்தையைத் தொடுறதே இல்ல சார். தொடுறது நாங்க. எல்லார் கையையும் டெஸ்ட் பண்ணுங்க. முதல்ல என் கை."

கழுவிக் கழுவி அவள் விரலிடுக்குகள் வெடித்திருந்தன. ஆள் பற்றாக்குறை என்று விடுப்பு எடுக்காமல், களிம்பு தடவி, கையுறை மாட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்த வெடிப்புகளில் பூஞ்சை இருந்தது.

அவள் கையிலிருந்துதான் குழந்தைகளுக்குப் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். போகவில்லை என்றும் சொல்ல முடியாதே என்றாள் அவள். இறந்த குழந்தையின் வீட்டுக்கு அவரோடு அவளும் போனாள். அந்தத் தகப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அது நியாயம்தான் என்று மட்டும் திரும்பும்போது சொன்னாள்.

பெண் குழந்தையின் தாயிடமும் அவளே சொன்னாள். தாய் கேட்டாள்: "அப்போ இனிமே அவளுக்கு யாரு ஊசி போடுவாங்க?"

கேள்வி சரியான கேள்வி. நரம்புக்குள் விட்டிருந்த குழாயில் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். மருந்தேற்ற வேறு நரம்பு தேட வேண்டும். தோல் ஆறும்வரை நரம்பக்கா எந்தக் குழந்தையையும் தொடக் கூடாது.

அவளோடு வேலைக்குச் சேர்ந்த தோழி ஊசியை எடுத்தாள். இருவருக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். நரம்பக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கணுக்காலுக்கு மேல பாரு. இன்னும் கொஞ்சம் உள்பக்கம். நழுவும், அவசரப்படாதே."

"நீ வாயை மூடினா எல்லாம் கிடைக்கும்" என்றாள் தோழி. கிடைத்தது.

வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. வீட்டில் கைக்கு ஈரம் ஆகாது என்று பாத்திரம் தேய்க்கும் வேலையை பஸ் ஓட்டுநரான கணவர் எடுத்துக்கொண்டார். நீ ஊரார் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாய், நான் குண்டானைக் குளிப்பாட்டுகிறேன் என்று அலுத்துக்கொள்வார். அவள் சிரிப்பாள், சில நாள் சிரிக்க முடியாமல் எழுந்து போய்விடுவாள்.

குழந்தையின் ரத்தத்தில் பூஞ்சை ஒழிந்தது. கண்ணுக்கும் மூளைக்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. அவள் தோலும் ஆறி, மறுபரிசோதனையில் தேறி வேலைக்குத் திரும்பினாள். கையில் வெடிப்பு வந்தால் மறைக்காமல் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்ற வழக்கம் அந்தப் பிரிவில் அவளால்தான் வந்தது.

அந்தப் பெண் குழந்தை இப்போது கொழுகொழுவென்று இருக்கிறாள்; கண் பரிசோதனைக்கு வந்தால் கட்டடமே அதிர அழுகிறாள். அந்த நரம்பைக் கண்டுபிடித்தது யார் என்று தோழிகள் இருவரும் அவள் தாயை நடுவில் நிறுத்திச் சண்டை போடுகிறார்கள்.