முதல் பட்டதாரிச் சான்றிதழ்

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்லூரிக் கட்டணம் குறையும். ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. பிளஸ் டூ முடித்ததும் கருங்குழி இ-சேவை மையத்துக்குப் போனேன். அக்கா பட்டம் வாங்கவில்லை என்று காட்ட அவளுடைய டி.சி. கேட்டார்கள். அவள் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவளது ஃபைலைத் திறந்தேன். டி.சி.க்கு அடியில், நடப்பு வருடத்து நர்சிங் கல்லூரி விண்ணப்பம் பாதி நிரப்பியபடி இருந்தது. பார்க்காததுபோல் ஃபைலை மூடினேன்.

“உங்கக்கா இனிமே படிக்குமா?” என்று மையத்துப் பெண் கேட்டாள்.

“இல்ல, அது கம்பெனிக்குப் போய்கினு கீது,” என்றேன். வாய் கூசவில்லை.

சான்றிதழ் வந்த அன்று அக்கா ஸ்வீட் வாங்கிவந்தாள். ஒருவருக்குத்தான் சலுகை என்பது அவளுக்குத் தெரியாது. என் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டுக் கேட்டாள்: “என் டி.சி. பத்திரமா கீதுல்ல? அடுத்த மாசம் எனக்கு வேணும்.”