டிஸ்சார்ஜ் என்றால் சுமை இறக்குவது

இங்கிலீஷ் சொல் ஒன்றைப் பற்றி எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். ஆனாலும் இந்தச் சொல் எனக்குத் தெரியும்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். காலில் பட்ட வெட்டு சீழ் வைத்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காய்ச்சல் இறங்காவிட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு.

டிஸ்சார்ஜ் கிடைக்குமா என்று தெரிய, அன்று டாக்டர் வரும்வரை நானும் மகளும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். “டிஸ்சார்ஜ்னா என்னான்னு பாரு” என்றேன் மகளிடம். கைப்பேசியில் தேடி வாசித்தாள். புண்ணிலிருந்து வடிவதற்கும் அதே சொல், அணையில் தண்ணீர் திறப்பதற்கும் அதே சொல், ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்கும் அதுதான். மூலம் பழைய லத்தீனாம்: வண்டியிலிருந்து சுமையை இறக்குவது. காரை நாம் மலாயில் கெரெத்தா என்கிறோமே, அதுவும் அந்த வண்டியின் பெயரிலிருந்து வந்ததுதானாம். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஈரக் கொழுந்து மூட்டையை முதுகிலிருந்து இறக்கியதும் உடம்பு தானாக மேலே எழும்புவது போல இருக்கும். விடுதலை என்று பெரிதாகச் சொல்வதைவிட இதுவே சரி.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். காய்ச்சல் இல்லை, புண் காய்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வாசலில் இவர் வார்டு நர்ஸான தமிழ் மிஸ்ஸியைப் பார்த்துக் கும்பிட்டார். “அப்ப போயிட்டு வரேன் மிஸ்ஸி.”

எனக்குப் பகீரென்றது. எங்கே கிளம்பினாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் திரும்பி வந்து படுக்க வேண்டிவரும் என்பார்கள்.

“எங்க வரீங்க அங்கிள்? கட்டில் காலி இல்லலா!” என்று மிஸ்ஸி சிரித்தாள்.

“ஐயோ, வாய் தவறிருச்சு. வரல. வரவே மாட்டேன்.”

“நாளைக்குக் கட்டு மாத்த வரணும்லா. வராட்டி நானே லயத்துக்கு வந்து இழுத்துட்டு வருவேன்.”

இவர் முகம் சுருங்கிவிட்டது. வழக்கமாகப் பின்னால் நிற்கும் நான் முன்னால் வந்தேன். “நான் கூட்டிட்டு வரேன் மிஸ்ஸி. மாத்துன கையோட கூட்டிட்டுப் போயிருவேன்.”

கெரெத்தாவில் இவர் மெதுவாகக் கேட்டார். “ஈப்போ போக வேண்டியதாயிருமா புள்ள?”

“டாக்டர் பாத்துட்டாரு. பேசாம வாங்க.”

மறுநாள் காலையில் கட்டு மாற்றினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.