மாட்டின் கழுத்தில் இருந்த எழுத்துகள்

ஜமுனாமரத்தூருக்கு நான் வேலைக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். கணவருக்கு வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் மலையில், அவர் கீழே. சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்குவேன். திங்கட்கிழமை விடிகாலையில் ஆலங்காயம் வழியாகத் திரும்ப ஏறுவேன்.

மேலே இருக்கும்போது கீழே போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். கீழே போனாலோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மறுநாள் பஸ்ஸின் நினைப்பு வந்து சாப்பாடு இறங்காது. அலுவலகத்திலும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பேன். மாறுதல் கேட்டு மனு அடிப்பதும், அதன் நகலை எடுத்து எடுத்துப் பார்ப்பதுமாக நாள் போகும்.

அலுவலகத்தில் இருந்த இரண்டு டைப்ரைட்டர்களில் ஒன்று ஓடாது. அதைச் சரிபார்க்கும் மெக்கானிக் வேலூரிலிருந்து வர வேண்டும். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவர் வரவில்லை. ஒருநாள் பெருமழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. ஊருக்குப் போக முடியாத ஆத்திரத்தில், சைக்கிள் கடையில் ஒரு ஸ்குரூ டிரைவரை இரவல் வாங்கி வந்து அந்த மெஷினைத் திறந்தேன். காகிதம் சுற்றிய உருளையை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும் பட்டை அறுந்திருந்தது. என்னிடம் இருந்த பாவாடை நாடாவை வெட்டி அந்த இடத்தில் கட்டினேன். இருட்டும்வரை எனக்கு பஸ்ஸின் நினைப்பே வரவில்லை.

மறுநாள் அது சரளமாக ஓடியது. ஓட ஆரம்பித்ததும் அதன்மேல் எனக்கு இருந்த ஆசை போய்விட்டது. மறுபடி நாற்காலியின் நுனி. எனக்குத் தேவை டைப்ரைட்டர் அல்ல, ஓடாத டைப்ரைட்டர் என்று அப்போது புரிந்தது.

ஆலங்காயத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்று வந்தது. வாணியம்பாடியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் கழித்துப்போட்ட இன்னொன்று வந்தது. எவ்வளவுக்கெவ்வளவு பழசோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப் பிடித்தபடி மேலே கொண்டுபோவேன், சரிசெய்து கீழே கொண்டுவருவேன். கணவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னாது, இன்னொன்னா? ஊர்ல பொம்பளைங்க பாத்திரம் சேக்குறாங்க. நீ இன்னாடான்னா இரும்பு சேக்குற.”

“ஓடலைங்க. அதான் வாங்கியாந்தேன்.”

“ஓடாததைத் தேடிப் போயி வாங்குற ஆள இப்பதான் பாக்குறேன்” என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒருநாள் ஒரு காளையைப் பார்த்தேன். அதன் கழுத்துப் பட்டையில் சோழிகளுக்கு நடுவே வட்ட வட்டமாக ஏதோ மின்னின. வெள்ளி விளிம்பு வைத்த சின்னக் கண்ணாடிகள். கிட்டே போனால் ஒன்றில் R, ஒன்றில் K, ஒன்றில் 7. ஏதோ ஒரு பழைய டைப்ரைட்டரின் விசைப் பொத்தான்கள். கயிற்றைப் பிடித்திருந்தவள் என் வயதுப் பெண். மலையில் சாமை விதைக்கிற குடும்பம்.

“இதெல்லாம் எங்க கெடச்சிதும்மா?”

“கண்ணாடிப் பொட்டா? எங்க வூட்லதான். மாமனாரு காலத்துல காட்டு பங்களாவுல ஒரு தொர வுட்டுட்டுப் போன பொட்டிங்க. அதுல புடுங்கி நான்தான் கோத்தேன். நல்லா இல்ல?”

“பொட்டி இன்னும் இருக்குதா?”

“குதிரு மூடி மேல கெடக்குது, கனத்துக்கு.”

அன்று மத்தியானமே விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். ஒற்றையடிப் பாதையில் என்னையறியாமல் அவளை முந்திக்கொண்டு நடந்திருக்கிறேன். “வழி தெரியாதவங்க நீங்க முன்னால போறீங்களே” என்று பின்னாலிருந்து சிரித்தாள்.

தானியக் குதிரின் மேல் அது இருந்தது. அதுவரை நான் பார்த்த எதையும்விட வயதானது. துருவுக்கு அடியில் கறுப்புப் பூச்சும் ஒரு பொன்கோடும் தெரிந்தன. விசைகளைத் தாங்கும் நெம்புகோல்கள் இரும்பல்ல, மரம். பாதியைக் கரையான் தின்றிருந்தது.

“பொட்டிய எடுத்துக்குங்க. கண்ணாடி தரமாட்டேன்” என்றாள்.

“எழுத்து இல்லாம பொட்டி எதுக்கும்மா ஆவும்?”

“பொட்டு இல்லாம என் காளைக்கு அழகு ஏது?” கொஞ்சம் யோசித்தாள். “வெண்கல மணி கொண்டாங்க. கழுத்து நெறைய. அப்பால பாக்கலாம்.”

அந்த வாரம் முழுதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. காளை மரத்தில் கழுத்தைத் தேய்க்கும், ஒவ்வொரு எழுத்தாக உதிரும் என்று கற்பனை ஓடும். சனிக்கிழமை கீழே போய்க் கணவரிடம் சொன்னேன். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டார். ஆனால் நான் திரும்பி வந்த இரண்டொரு நாளில், வேலை நேரத்தில் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் பை. அதற்கு முன் அவர் மலை ஏறியதே இல்லை. வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. பையை அசைத்தார், மணிச்சத்தம் கேட்டது.

“எங்க உன் மாடு?” என்றார்.

அவளும் அவருமாகக் காளைக்கு மணி கட்டினார்கள். சத்தத்துக்கு மிரண்டு அது வேலியை உடைத்துக்கொண்டு ஓடி, தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து, தலையை ஆட்டி ஆட்டி அந்தச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நின்றது. அவள் வாயெல்லாம் சிரிப்பாக நூலை அறுத்துக் கண்ணாடிகளை என் முந்தானையில் கொட்டினாள். அங்கேயே உட்கார்ந்து அடுக்கிப் பார்த்தேன். E இல்லை, S இல்லை. கணவர் அவள் களத்திலிருந்து இரண்டு புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தார். “அளவு சரியா இருக்கும், வெச்சிக்கோ.”

கரையான் தின்ற நெம்புகோல்களுக்குப் பதிலாக, அலுவலகத்தில் கழித்துப்போட்ட மர ஸ்கேல்களை அறுத்துச் செதுக்கினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அது ஓடியது.

ஓடிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. எழுத்துகள் உருளையின் அடிப்பக்கமாகப் போய் அடித்தன. அடிப்பது கண்ணுக்குத் தெரியாது. சில வரிகள் தாண்டினால்தான் முதல் வரி மேலே வரும். இல்லையென்றால் உருளையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடச் சித்திரவதை கிடையாது. ஒரு சொல் அடிப்பேன், தூக்கிப் பார்ப்பேன். மறுபடி ஒரு சொல், மறுபடி தூக்கல்.

“அடிச்சி முடிச்சிட்டுப் பாரேன். எழுத்து எங்க ஓடிப்போவப் போவுது?” என்றார், அதற்குள் இரண்டாம் முறையாக மலையேறி வந்திருந்த கணவர். என்னால் முடியவில்லை.

சந்தை நாளில் அந்தப் பெண் பார்க்க வந்தாள். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரல்களால் கண்ட இடத்தில் எல்லாம் தட்டினாள். நான் தூக்கிக் காட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். “இருங்க, நெறையட்டும்.” காகிதம் பாதி நிறைந்த பிறகு இழுத்துப் பார்த்தாள். தாறுமாறான ஆங்கில எழுத்துகள். “இதுக்கா என் கண்ணாடிய குடுத்தேன்!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாறுதல் உத்தரவு வந்தது, வாணியம்பாடிக்கே. அதற்காகத்தான் அத்தனை மனு அடித்தேன். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, போக வேண்டுமா என்று ஒரு பகல் முழுதும் அலுவலக வராந்தாவில் நடந்தேன். மேலே மிச்சமிருந்த மெஷின்களை பஸ் மேல் ஏற்றியபோது கண்டக்டர், “இன்னாம்மா, ஆபீஸையே தூக்கினு போறீங்களா?” என்றார்.

ஒரே வீட்டில் இருந்தால் மனம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தவை எல்லாம் ஓடின. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டார்.

“சந்தவாசல்ல ஒரு வூட்ல பழைய மெஷினு கெடக்குதாம். மண்டில சொன்னாங்க. போய்ட்டு வர்றேன்.”

“நானும் வர்றேங்க.”

“நீ வந்தா பஸ்ஸ முந்தினு ஓடுவ. இங்கயே இரு.”

சாயங்காலம் பஸ் நிலையத்துக்கே போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். கடைசியில் அவர் இறங்கினார், வெறுங்கையோடு. சட்டையெல்லாம் புழுதி.

“அது தையல் மெஷினு” என்றார். “கை மெஷினு. ரொம்பப் பழசு.”

“ஓடுதா?”

“ஓடல.”

“அப்புறம் ஏங்க வுட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டார். பிறகு, சந்தவாசலுக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனார்.