பிள்ளையார் குடித்த ஸ்டியரிங் ஆயில்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் தெருவில் காலை வேளையில் சத்தம் போடுவது ஒன்றே ஒன்றுதான். அது என் கார். மற்றபடி இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை, யாரும் யாரையும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை, நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். அப்படிப்பட்ட தெருவில் வண்டியை எடுத்து இடது பக்கம் திருப்பினால் போதும், 'ஙொய்ய்ய்' என்று ஒரு முனகல் கிளம்பும். எதிர்வீட்டு ஜன்னல் திரை அசையும். விருத்தாசலம் பாலக்கரையில் இதே வண்டியைத் திருப்பியிருந்தால் ஒரு ஈ காக்கா ஏறிட்டுப் பார்த்திருக்காது. வேப்பூர் பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் கிளப்புகிற சத்தத்தில் என் கார் பாட்டுப் பாடுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். இங்கே எனக்கு மானம் போயிற்று.

வெளிநாடு என்றதும் பளபளவென்று ஒரு காரைக் கற்பனை செய்துகொள்கிற சொந்தபந்தங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கார் பழசு, பல கை மாறி வந்தது. ஆனால் என் சம்பளத்தில் நான் வாங்கியது. வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்வது என் வேலை. குளிப்பாட்ட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், காலுறை மாட்டிவிட வேண்டும். வீடுகள் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமங்களில். சொந்தக் கார் இல்லாதவருக்கு இந்த வேலை கிடையாது. அடுத்த வாரம் வண்டிக்குத் தகுதிச் சோதனை வேறு வந்துவிட்டது. அதில் தேறாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. வண்டி நின்றால் என் வேலையும் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, பானெட்டைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, பம்ப்பிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்றார்கள்.

"பேசாம தலமுழுவிட்டு வேற பாப்போம் வசந்தி" என்றார் என் வீட்டுக்காரர் இளங்கோ. பெண்ணாடத்துக்காரர், டிராக்டர் ஓட்டி வளர்ந்தவர். ஸ்டியரிங் கனமாக இருந்தால் கையை இன்னும் இறுக்கிப் பிடி என்பதோடு அவருடைய மெக்கானிசம் முடிந்துவிடும்.

"என்னங்க, சத்தம் போட்டா தூக்கிப் போட்டுடுவீங்களா? நானுந்தான் வூட்டுல நாள்பூரா சத்தம் போடறன்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானே பானெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங்கை இலகுவாக்கும் எண்ணெய்க்கு என்று ஒரு ஓரத்தில் சின்ன டப்பா இருக்கும். அதில் எண்ணெய் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இருந்த கொஞ்சமும் கருத்துப் போயிருந்தது. கீழே பார்த்தால் ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்து கசிவு. பம்ப்பு எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடித்துக்கொண்டு அழுகிறது, அவ்வளவுதான் சங்கதி! ஆனால் என்ன எண்ணெய் ஊற்றுவது? உதிரிபாகக் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாடலில் சில வண்டிகளுக்குச் சிவப்பு எண்ணெய், சில வண்டிகளுக்குப் பச்சை எண்ணெய், மூடியில் எழுதியிருக்கும் என்றார். என் வண்டியின் மூடியோ யாரோ பிற்பாடு மாற்றிப் போட்ட மொட்டை மூடி. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊறிப்போய் மொத்தமும் ஒழுகத் தொடங்கிவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு ஹெர் வேபர், நம் வழக்கில் திருவாளர் வேபர், வழிமறித்தார். திரைச்சீலைக்குச் சொந்தக்காரர் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "உங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் ஆயில் வேண்டும். சிவப்பு. என்னிடம் இருக்கிறது. நான் ஊற்றித் தருகிறேன்" என்றார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நம் ஊர் வழக்கப்படி, "பார்க்கலாம், சனிக்கிழமை வாக்கில்" என்று சிரித்து வைத்தேன். விருத்தாசலத்தில் இப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, இருதரப்புக்கும் மனவருத்தம் இல்லை. சனிக்கிழமை காலை மணியடித்தது. கதவைத் திறந்தால், கையுறை மாட்டி, கருவிப்பெட்டியும் சிவப்பு எண்ணெய் பாட்டிலுமாக நிற்கிறார் ஹெர் வேபர். இந்த நாட்டில் பார்க்கலாம் என்றால் வந்து பார்த்துவிடுவார்கள்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போவதற்குள் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டார். பாட்டில் சாய்ந்தது.

"நைன்!" என்று, வேண்டாம் என்பதை அவர் பாஷையிலேயே கத்தினேன்.

இந்தத் தெருவில் நான் வாய்விட்டுக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் பாட்டிலோடு அப்படியே நின்றார். "எல்லாப் பழைய வண்டிக்கும் சிவப்புதான்" என்றார் மெதுவாக. இல்லை என்று எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது? டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு. சிவப்பு பழசானாலும் கறுப்புதான், பச்சை பழசானாலும் கறுப்புதான். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அட, இது நான் படித்த படிப்பாயிற்றே!

நான் விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ படித்தவள். சேர்ந்தபோது என் பெரியப்பா, "ஏம்மா, மண்ணுல வெளையாடறதுக்கா பீஸு கட்டிப் படிக்கிற?" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். படித்து முடித்து, ஃபியூஸ் கேரியர் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனை மேசையில் உட்கார்ந்தேன். சூளையிலிருந்து வந்த பீங்கானில் சிவப்பு மை விடுவோம். சரியாக வெந்த பீங்கான் மையைத் தொடாது, துடைத்தால் போய்விடும். வேகாதது குடித்துவிடும். குடித்ததை உடைத்துப் போடுவோம். நான் உடைத்துப் போட்ட துண்டுகளில்தான் மையின் விளையாட்டைப் பார்த்திருக்கிறேன். அழுக்கும் கசடும் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், சாயம் மட்டும் ஊறி ஊறி ஓரத்துக்கு ஓடும். ஜெர்மனிக்கு வந்து இந்தப் படிப்பைச் சொன்னபோது இங்குள்ளவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, முதியோர் பராமரிப்பில் ஆள் தேவை என்றார்கள். நானும் சேர்ந்துவிட்டேன். அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் என் படிப்பை ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்பது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். ஜன்னலில் என் பிள்ளையார் இருந்தார். கல்லூரியில் நானே அச்சில் வார்த்த வெள்ளைப் பிள்ளையார். ஒரு தடவை சூளையில் வெந்தவர். இரண்டாவது சூளைக்குப் போய், கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு ஏறி மினுங்குவதற்குள் எனக்கு விசா வந்துவிட்டது. அரைகுறையாகவே பெட்டியில் ஏறி என்னோடு வந்தவர். கிளேஸ் இல்லாததால் எதை வைத்தாலும் குடிப்பார். வாசலுக்குக் கொண்டுவந்து தலைகீழாகத் திருப்பி, பழைய பழக்கத்தில் பீடத்தின் அடியை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஈரம் ஏறவில்லை, நன்றாகக் குடிக்கும். அப்புறம்தான் சாமி என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஹெர் வேபர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். பாவம், அவர் என்ன நினைத்தாரோ!

ஒரு துளிக் கறுப்பு எண்ணெயை எடுத்துப் பீடத்தின் அடியில் வைத்தேன். "காத்திருக்க வேண்டும்" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். இளங்கோவும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் வாசலில் நின்று பிள்ளையாரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் தெரியாமல் போனால் அந்தச் சிவப்பு பாட்டிலுக்குத்தான் தலையாட்ட வேண்டிவரும். நடுவில் கறுப்பு அப்படியே நின்றது. அதைச் சுற்றிப் பழுப்பு படர்ந்தது. காபி தீர்ந்து, கோப்பை ஆறி, எனக்கே நம்பிக்கை போகிற நேரத்தில், ஓரத்தில் மெல்லிசாக ஒரு வளையம் எழுந்தது. பச்சை. வாழைக்குருத்து இல்லை, பாசியும் இல்லை, கண்ணாடி வளையல் பச்சை.

"ஆஹா" என்றார் ஹெர் வேபர். தன் பாட்டிலின் மூடியை இறுக்கிப் பெட்டிக்குள் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிள்ளையாரைக் கிட்டத்தில் பார்த்தார். "இது எங்கே கற்றது?" என்று கேட்டார்.

"விருத்தாசலம்" என்றேன். "அதுதான் என் படிப்பு."

நானாகச் சொல்லாமல், இந்த நாட்டில் ஒருவர் கேட்டு நான் என் படிப்பைச் சொன்னது அன்றைக்குத்தான். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை! டிஷ்யூ தாளிலும் இது தெரியுமாம், பிற்பாடு யாரோ சொன்னார்கள். தெரியட்டுமே. எனக்குத் தெரிந்தது பீங்கான்.

கடை மூடுவதற்குள் இளங்கோ ஓடிப்போய்ப் பச்சை எண்ணெயும் புதுக் கிளிப்பும் வாங்கிவந்தார். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினோம். டப்பாவில் இருந்ததை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். எண்ணெய் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி, டப்பாவில் அதன் வாயை அடைத்துவிட்டு, ஹோஸை ஒரு காலி பாட்டிலில் விட்டோம். இன்ஜினைப் போடாமல் இளங்கோ ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றினார். நான் புது எண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தேன். ஹெர் வேபர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "கறுப்பு... கறுப்பு... பழுப்பு..." என்று சொல்லிவந்தவர், "பச்சை!" என்று கூவினார். அந்தத் தெருவில் அன்று இரண்டாவது கூச்சல் அவருடையது. ஹோஸைப் புதுக் கிளிப்போடு மாட்டி, அளவு பார்த்து, வண்டியைக் கிளப்பித் திருப்பினேன். சத்தமே இல்லை. சோதனைக்குப் போன அன்று அங்கிருந்தவர் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார், தேறியதற்கான ஸ்டிக்கரை நம்பர் பிளேட்டில் ஒட்டினார். நான் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா வந்தபோது நான் பிள்ளையாரைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். "என்னாடி அது, சாமிக்கு அடியில பச்சையா?"

"எண்ணெக்காப்பும்மா."

"என்னா எண்ணெ?"

"வண்டி எண்ணெ." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஏன், அந்த ஊர்ல நல்லெண்ணெ கெடைக்கலியா?" என்று திட்டினாள். திட்டி முடித்ததும், "பெரியப்பாகிட்ட சொல்றன் இரு, மண்ணுல வெளையாடுனவதான் காரை ஓட வெச்சான்னு" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "சாமி இன்னும் அரைகொறையாவே இருக்குது பாரு. அடுத்த வாட்டி வரும்போது எட்டாந்துடு. நம்ம பீங்கான் பேட்டை சூளையில குடுத்து, கிளேஸ் போட்டு முடிச்சிடலாம்."

சூளையில் வைத்தால் எண்ணெய் நின்ற சுவடே இல்லாமல் எரிந்துபோகும். வெளியே வரும்போது அவர் பளபளவென்று, விருத்தாசலத்தை விட்டு எங்கேயும் போகாதவர் மாதிரி இருப்பார். நான் பிள்ளையாரைத் திருப்பி அந்தப் பச்சை வளையத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாம் உள்ளே போய்விட்டது.

"பார்க்கலாம்மா" என்றேன்.

அம்மாவுக்கு அந்தப் 'பார்க்கலாம்' புரிந்துவிட்டது. அவள் ஹெர் வேபர் இல்லையே.

"சரி, அப்படியே வண்டியில வெச்சிக்க" என்றாள்.