எந்த ஊர் என்று கேட்கும் இணையதளம்

புதுச்சேரி அரசின் இணையதளத்தைப் புதிதாக அமைக்கும் குழுவில் எனக்குக் கிடைத்த வேலை, சும்மா இருப்பது. யாராவது கணினி முன் உட்கார்ந்து எங்கள் புதுப் பக்கங்களைப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, பிறகு அதற்கேற்பப் பக்கங்களை மாற்றி அமைக்க வேண்டும். பார்க்கும்போது உதவக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வருகிற எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி மேடம். தண்டனையாகத்தான் கொடுத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

பழைய தளம் துறைகளின் வரிசையில் இருந்தது. திறந்தால் வருவாய், உள்ளாட்சி, வேளாண்மை என்று கட்டம் கட்டமாக நிற்கும். எந்தச் சான்றிதழ் எந்தத் துறையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உள்ளே போகலாம். அது தெரிந்தவர்கள் அந்தத் துறைகளில் வேலை பார்க்கிறவர்கள் மட்டும்தான்.

நான் வில்லியனூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கூடக் கேட்க மாட்டோம், எந்த ஊர் என்றுதான் கேட்போம். இங்கே ஒரு ஊர் புதுச்சேரி, வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி. ஊர் தெரிந்தால் எந்த கம்யூன் பஞ்சாயத்து, எந்த ஆபீஸ், எந்த பஸ் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் புது முகப்பில் இரண்டே கேள்வி வைத்தேன்: எந்த ஊர், என்ன வேண்டும். மீதியைத் தளமே பார்த்துக்கொள்ளும். துறைகள் கொதித்துப்போயின. எங்கள் கட்டம் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று மேடம் ஒருநாள் எங்களோடு பாகூருக்கு வந்தார்.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். முதலில் வந்தது கரியமாணிக்கத்து அக்கா ஒருவர். முன்பு கரும்பு வெட்டுக்குப் போனவர், இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. குடியிருப்புச் சான்றிதழுக்கு அன்றைக்கே விண்ணப்பித்தால்தான் சேர்க்கை முடிவதற்குள் கைக்கு வரும். சர்டிபிகேட் வேலையாக வந்தேன் என்று அவர் சொன்னதும் எங்கள் குழு ஆள் ஒருவர் தெருவிலிருந்து அழைத்து வந்துவிட்டார்.

அக்கா ஊரைத் தட்டினார், வேண்டியதைத் தட்டினார், எங்குமே நிற்கவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. நான் மேடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஒத்திகைத் தளம். அதில் போடும் விண்ணப்பம் எந்த ஆபீசுக்கும் போகாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதன் பலன்.

ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாது, ஒத்திகையா? எம் பொண்ணு சீட்டு உனுக்கு ஒத்திகையா?”

நானே போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சிக் கூட்டி வந்து பழைய தளத்தின் முன் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் இதே தொழில், எனக்கென்ன. வருவாய் என்ற கட்டத்தைத் தட்டினால் ஏதோ ஓர் அரசாணை விரிந்தது. அடுத்த கட்டத்தில், தாலுக்கா கேட்ட இடத்தில் எதைப் போடுவது என்று விழித்தேன். ஒருவழியாக எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும், நேரம் கடந்துவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள் என்றது. மேடம் நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டு, நான் தடுமாறும் இடங்களை எழுத ஆரம்பித்தார்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த அக்கா கேட்டார்: “தம்பி, நீதான இத்த கட்டற ஆளு?”

“இது இல்லக்கா. அது.”

“அப்ப இத்த எவன் கட்னது?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

ஆபீஸ் மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, அக்காவின் போனில் குறுஞ்செய்தி வந்தது. இதாவது நிஜமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“அந்தப் பொய்ய நெசமாக்கிடு பா. இந்த நெசம் வோணாம்” என்றார்.

திரும்பும் வழியில் மேடம் தான் எழுதிய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தார். துறைகளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அந்த இரண்டு கேள்வி அப்படியே இருக்கட்டும் என்றார். சொன்னபடியே செய்தார்.

சான்றிதழ் நேரத்துக்கு வந்தது, மகள் சேர்ந்துவிட்டாள். புதுத் தளமும் திறந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரைத் தட்டினால், இந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது, இங்கே அலைய வேண்டாம் என்று பணிவாகச் சொல்லும். அந்த வரி நான் எழுதியது. யாராவது அதைப் படித்துவிட்டு ஒரு பஸ் ஏறாமல் வீட்டில் இருந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. தொப்பை கூடக் கொஞ்சம் உள்ளே போகிறது.

அன்றைக்கே என் நம்பரை வாங்கிப் போயிருந்த அக்கா போன மாதம் போன் செய்தார். மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற சமயம். அதற்குத்தான் என்று நினைத்து, முதலில் தளத்தைத் திறங்க என்று விலாவாரியாக ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் பஸ்ல வர்றப்பவே போட்டுட்டேன் பா. பொண்ணு யூனிபார்ம்ல எடுத்த போட்டா அனுப்சேனே, பாத்தியா இல்லியா? அத்த கேக்கத்தான் பண்ணேன்.”

பார்த்தேன். அது வந்த அன்றைக்கே எங்கள் ஆபீசில் அதைப் பார்க்காத ஆளே கிடையாது.